ரேஸ் கேம் போடப் போறீங்களா? ஸ்பிரிங்கையும் பாருங்க!

சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்குள் ஓடும் காருக்கு ரேஸ் கேம்ஷாஃப்ட் தேவையா?

வால்வு எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கேம்ஷாஃப்ட். அதை மூடுவது ஸ்பிரிங். இன்ஜின் 8,000 ஆர்பிஎம்-இல் சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 4,000 முறை திறந்து மூட வேண்டும். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வால்வு நேரத்துக்கு மூடாது. பிஸ்டனில் மோதினால் இன்ஜினே காலி. ரொம்ப கடினமான ஸ்பிரிங் போட்டாலும் கேம் சீக்கிரம் தேயும். அதனால் இரண்டையும் ஜோடியாகத்தான் தேர்வு செய்யணும்.

இன்னொன்று, ரேஸ் கேமின் பலன் அதிக ஆர்பிஎம்-இல்தான். சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும்போது இழுவை குறையும். 1989-இல் ஹோண்டா விடெக் இன்ஜினில் இரண்டு வித கேம் வடிவங்களை வைத்தது இதனால்தான்.

கோவை கரி ஸ்பீட்வேயில் ஓட்டுபவருக்கு ரேஸ் கேம் சரி. ஊருக்குள் ஓட்ட, கம்பெனி கேமே போதும்.