சிம்லா ஐஸ் மைதானம் ஐஸோடு இருக்கட்டும்

பாலிகஞ்ச் சர்குலர் ரோடில் 'ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க்' என்ற பெயரில் ஒரு மண்டபம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். புடவைக் கண்காட்சிக்கோ கல்யாண வரவேற்புக்கோ போயிருப்போம். கல்கத்தாவுக்கு வந்த புதிதில் ஓர் அழைப்பிதழில் இந்த முகவரியைப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டர் எடுத்துக்கணுமா?" என்று என் மனைவி கேட்டாள். போய்ப் பார்த்தால் ஐஸ் பெயரில் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஐஸ்கிரீமில் இருந்தது.

சிம்லாவின் பழைய ஐஸ் மைதானத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது.

சிம்லா கல்கத்தாக்காரர்களுக்கு அந்நியம் அல்ல. 1864-இல் அது கோடைத் தலைநகரானது முதல், டெல்லி தலைநகராக அறிவிக்கப்பட்ட 1911 வரை, இங்கிருந்துதான் சர்க்கார் கோப்புகளோடு வருடாவருடம் மலையேறியது. ஹௌராவில் கால்கா மெயில் ஏறி (2021 முதல் அது நேதாஜி எக்ஸ்பிரஸ்) எல்.டி.சி.யில் சிம்லா பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. ஆனால் பூஜா லீவில் போனவர்கள் லக்கர் பஜார் அருகே பார்த்திருக்கக்கூடியது வெறும் தரையைத்தான். நாங்கள் ஒருமுறை டிசம்பர் கடைசியில் போனோம். விடிந்தும் விடியாத நேரம். ஸ்கேட் பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். என் மகன் இரண்டடி வைத்து மூன்றாவதில் விழுந்தான். பாட்டி வயதில் ஓர் அம்மாள் வழுக்கிக்கொண்டே வந்து அவனைத் தூக்கி நிறுத்தி, ஒரு சுற்று கைபிடித்து அழைத்துப் போனார். கல்கத்தா திரும்பியும் பல நாள் அதே பேச்சு.

1920-இல் பிளெஸிங்டன் என்ற வெள்ளைக்காரர் தம் டென்னிஸ் மைதானத்தில் நீர் ஊற்றி உறையவைத்து ஆரம்பித்தது இது. அங்கே இயந்திரம் கிடையாது. இரவில் தண்ணீர் தெளிப்பார்கள். மேகமில்லாத வானமாக இருந்தால் விடிவதற்குள் அது கெட்டியாகிவிடும். மேகம் மூடினால் குளிர் இறங்காது, வெயில் ஏறினால் இளகும், பனி கொட்டினாலும் தரை கெடும். இவ்வளவு நொய்மையான ஏற்பாடு நூறு ஆண்டுகளைத் தாண்டியதே ஆச்சரியம்! இப்போது குளிர்காலம் சுருங்கிவிட்டது. சுற்றிலும் கட்டடங்களும் வண்டிகளும் பெருகிவிட்டன. ஸ்கேட்டிங் நடக்கும் நாட்களும் குறைந்துவிட்டன. ஆகவே குளிரூட்டும் இயந்திரம் வைத்து ஆண்டு முழுவதும் நடத்தலாம் என்ற யோசனை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழமை என்று சொல்லி அதை உருக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. என் கவலை வேறு. கட்டுவதற்குப் பணம் எப்படியோ வந்துவிடும். மாதாமாதம் கரண்ட் பில் யார் கட்டுவது?

டேராடூனில் நடந்ததைப் பாருங்கள். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே பெரிய உள்ளரங்கு ஐஸ் ரிங்க் கட்டினார்கள். விளையாட்டு முடிந்தது, பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் அது வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. நம் நாட்டு வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாட்டையோ மால்களில் உள்ள சின்னத் தளங்களையோ தேடிப் போனார்கள். பிறகு அதைச் சீர்செய்து, 2025 ஆகஸ்டில் ஆசிய அளவில் ஷார்ட் டிராக் பந்தயமே நடத்தினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் நடுவில் பத்து வயதில் ஆர்வத்தோடு இருந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது.

பில் கட்ட முடியாதபோது என்ன நடக்கும்? முதலில் நுழைவுக் கட்டணம் ஏறும். பிறகு ஓரத்தில் நாலு கடை, வார இறுதியில் ஒரு கண்காட்சி, முகூர்த்த நாளில் ஒரு வரவேற்பு.

கட்டடம் பிழைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க 1842-இல் கட்டிய சென்னை ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாகப் பெருமையோடு நிற்கிறது; 1897-இல் சுவாமிஜி அங்கே தங்கியிருந்தார். வாஸ்தவம். ஆனால் கப்பல் ஐஸ் இப்போது யாருக்கும் வேண்டாம். சிம்லாக் குழந்தைகளுக்கோ ஸ்கேட்டிங் இன்றும் வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. இயந்திரம் வரட்டும், ஆனால் பத்து வருடத்து மின்செலவுக்கு ஒதுக்கீடு செய்த பிறகு முதல் குழாயைப் பதிக்கட்டும். காலை நேரம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இருக்கட்டும். எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் மாலையில் கூடுதலாகக் கொடுத்து ஆடுவோம். வானம் தெளிந்திருக்கும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பழையபடி தண்ணீர் தெளிக்கட்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் இப்போதும் சிம்லாவில் இருக்கிறார்கள்.