களப்பிரர் காலம் இருண்ட காலமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

சங்க காலம் பொற்காலம். பல்லவர் காலம் கலைக்காலம். இடைப்பட்ட ஏறத்தாழ 3 நூற்றாண்டுகள் மட்டும் இருண்ட காலம்! களப்பிரர் ஆண்ட அக்காலத்திற்கு இப்பெயர் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் கருத்து.

களப்பிரர்மீது குற்றம் சாட்டும் முதன்மைச் சாட்சி வேள்விக்குடிச் செப்பேடு. முன்னோர் அளித்த பிரமதேய நிலத்தைக் களப்பிர மன்னன் பறித்தான் என்கிறது அது. அதை வெளியிட்டவன் பாண்டியன் நெடுஞ்சடையன். காலம் 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வென்றவர் வழிவந்தவன், 2 நூற்றாண்டுகள் கழித்துத் தந்த வாக்குமூலம் அது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

மறுதரப்புச் சாட்சியும் உண்டு. பூலாங்குறிச்சிக் கல்வெட்டு கோச்சேந்தன் கூற்றன் என்ற அரசனைக் குறிக்கிறது. அவனைக் களப்பிரன் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். அவன் காலத்தில் கோயில்கள் எழுந்ததையும், பிரமதாய உரிமை இருந்ததையும் அக்கல்லே சொல்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? எங்கள் அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்குப் போனால், அருகிலேயே திருநாதர் குன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி அங்கே பாறையில் உள்ளது. பழைய தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த நிலையை அதில் காணலாம். எழுத்து வளர்ந்த காலத்தையா இருண்ட காலம் என்பது?

இங்கிலாந்திலும் இதே கதைதான். கி.பி. 410 அளவில் ரோமானியர் ஆட்சி நீங்கியது முதல் ஆங்கிலோ-சாக்சன் அரசுகள் எழுந்தது வரை இருள் என்றார்கள். ஆனால் செட்வொர்த் என்ற இடத்து ரோமானிய மாளிகையில் உள்ள ஒரு சித்திரத் தரை, 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போடப்பட்டது என்று கார்பன்-14 ஆய்வின் வழியே 2020-இல் அறிவிக்கப்பட்டது. ரோமானியர் போன பின்னும் கலைஞன் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

சான்றுகள் குறைவு என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கருவியின் முள் அசையவில்லை என்றால், பொருளே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதுவோமா? முதலில் கருவியைத்தானே சரிபார்ப்போம்! என் பாட்டனார் கைநாட்டு வைத்தவர். அவர் எழுதிய ஒரு வரியும் எங்கள் வீட்டில் இல்லை. அவர் உழுத நிலம் இருக்கிறது. வெட்டிய கிணறு இருக்கிறது. அவர் வாழ்வை இருள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஒருநாள் திருநாதர் குன்றுக்குச் செல்லுங்கள். சந்திரநந்தியின் எழுத்தைப் பாருங்கள். நம் பெயரைப் பாறையில் எழுதாமல் திரும்புங்கள். விளக்கேற்றிப் பார்க்காதவன் இருட்டு என்று பழிப்பதில் பொருளில்லை.