எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்?

இந்த வாரப் பத்தியைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தபோது விஷயம் கேமரா மட்டும்தான். கோபம் பாதியில் வந்து சேர்ந்தது.

கல்யாண ஆல்பங்கள் பற்றி எழுதியதிலிருந்தே வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை, இப்போது என் அக்கா மகளும் கேட்டுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறாள். "மாமா, மிரர்லெஸ் வாங்கட்டுமா, இல்ல எக்ஸ்100 மாதிரி லென்ஸைக் கழற்ற முடியாத சின்ன கேமராவா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க சொல்றதைத்தான் வாங்கப் போறேன்" என்றாள். இப்படிச் சொன்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. செல்போன் வந்ததும் பாக்கெட் கேமராவின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2010-ல் ஜப்பானியக் கம்பெனிகள் 12 கோடி டிஜிட்டல் கேமராக்களைச் சந்தைக்கு அனுப்பின. 2020-ல் அது ஒரு கோடிக்கும் கீழே போய்விட்டது. விழுந்ததில் பெரும்பங்கு காம்பாக்ட்தான். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் பெரிய சென்சாரை வைத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஃபியூஜியின் எக்ஸ்100 வரிசையில் ஆறாவது மாடல் 2024 பிப்ரவரியில் வந்தபோது, பணத்தோடு போனவர்கள்கூட மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ரிக்கோ 2025-ல் ஜிஆர் வரிசையின் நான்காவது மாடலைக் கொண்டுவந்தது. சோனி ஏறக்குறைய பத்து வருஷ மௌனத்துக்குப் பிறகு, அதே 2025-ல், ஆர்எக்ஸ்1 வரிசையில் அடுத்ததை இறக்கியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மிரர்லெஸ் என்றால் படம் நன்றாக வரும், காம்பாக்ட் என்றால் சுமாராக வரும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஃபியூஜியின் எக்ஸ்-டி5 லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ். அதில் இருப்பதும் எக்ஸ்100 ஆறாவது மாடலில் இருப்பதும் ஒரே 4 கோடி பிக்சல் சென்சார். இரண்டிலும் எடுத்ததை ஏ3 தாளில் பிரின்ட் போட்டு அருகருகே வைத்தால், எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ரிக்கோ ஜிஆர் மூன்றாவது மாடல் பேட்டரியோடு சேர்த்து 257 கிராம்தான். சட்டைப் பையில் போகும். அதற்குள் இருப்பதும் ஏபிஎஸ்-சி சென்சார்தான், ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ. அளவுள்ளது. ஆகவே சென்சாரை வைத்து இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வித்தியாசம் லென்ஸில் இருக்கிறது. இங்கேதான் கடைக்காரர்கள் மீது எனக்கு நெடுநாள் வருத்தம். முதல் கேமரா வாங்க வரும் பிள்ளைகளிடம் 'டபுள் ஜூம் கிட்' என்று ஒன்றைத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு 16-50, ஒரு 55-210, கூடவே இலவசமாக ஒரு பை, ஒரு மெமரி கார்டு. 'எல்லாத்துக்கும் ஆச்சு சார்' என்பார்கள். வீட்டுக்கு வந்து ராத்திரி டீக்கடையில் நின்று மாஸ்டர் டீ ஆற்றுவதை எடுத்துப் பாருங்கள். ஜூமை 50-க்குத் திருப்பினால் அந்த லென்ஸ் திறப்பது எஃப் 5.6 வரைதான். எக்ஸ்100-ல் உள்ள லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒன்றில் 1/125 நொடியில் எடுத்துவிடலாம். மற்றதில் அதே படத்துக்கு 1/15 நொடி வேண்டும். அந்த நேரத்துக்குள் மாஸ்டரின் கை எங்கோ போயிருக்கும். படத்தில் கையும் இருக்காது, இழுத்து ஆற்றிய டீயும் இருக்காது, ஒரு கலங்கல்தான் இருக்கும். ஒன்றரை மாதத்தில் பிள்ளைக்கு அலுத்துவிடும். 'போனே நல்லா எடுக்குதே' என்று கேமரா பீரோவுக்குப் போய்விடும். மிரர்லெஸ் வாங்கிய எத்தனை வீடுகளில் இரண்டாவது நல்ல லென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த வீடுகளில் அநேகமாக இல்லை. மாற்றலாம் என்ற வசதிக்காகக் காசு கொடுத்துவிட்டு, மாற்றாமலே வைத்திருக்கிறோம்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். மறுநாள் ஞாயிறு. மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனேன்.

விடிந்தும் விடியாத நேரம். விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏலக் கூச்சல். ஒரு வயதான அம்மா ஈரத்தரையில் கோணியை விரித்து, சங்கராவைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். எதிரே கட்டியிருந்த படகின் விளிம்பில் ஏழெட்டு இளைஞர்கள். போட்டோ வாக் வந்த குழு. எல்லார் கையிலும் நீளநீளமான டெலி லென்ஸ். அத்தனையும் அந்த அம்மாவை நோக்கித் திரும்பியிருந்தன. அவர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார். லென்ஸ் இறங்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு பேர் நகர்ந்து வந்து இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உடம்பு பதறிவிட்டது.

ஒரு கூறு வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். "தெனம் வர்றானுங்க சார். அங்கயே நின்னு எடுத்துக்கினு போய்டுறானுங்க. மூஞ்சி கழுவாம, தல வாராம உக்காந்துனு கீறேன். எடுக்கட்டா ஆயான்னு ஒரு வார்த்த கேட்டா, முந்தானைய சரி பண்ணிக்கினு உக்காருவேன்ல?" என்றார். கை மட்டும் மீனைத் தள்ளித் தள்ளிக் கூறு பிரித்துக்கொண்டே இருந்தது.

அவர் படம் எடுக்காதே என்று சொல்லவில்லை. என்னைக் கேள் என்றுதான் சொல்கிறார்.

அந்த இளைஞர்களில் ஒருவரிடம் போய், "தம்பி, பக்கத்துல போய்க் கேட்டு எடுக்கலாமே?" என்றேன். மரியாதையான பிள்ளை. "பக்கத்துல போனா நேச்சுரலா வராது சார்" என்றார். வகுப்பெடுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முகத்தை மறைத்துக்கொண்டாரே, அதைவிட இயல்பான செய்கை வேறென்ன வேண்டும்? அது அவர் சொன்ன பதில். பத்து மீட்டர் தள்ளி நின்றதால் அது இவர்கள் காதில் விழவில்லை.

பத்து மீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபுல் பிரேம் கணக்கில் 35 மி.மீ. லென்ஸை நிமிர்த்திப் பிடித்தால், நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை சட்டத்தில் நிரப்ப ஏறக்குறைய 2 மீட்டரில் நிற்க வேண்டும். எக்ஸ்100-ல் இருப்பது இந்தக் கோணம்தான். ரிக்கோ ஜிஆர் காட்டும் 28 மி.மீ. கோணத்துக்கு ஒன்றரை மீட்டர் போதும். 200 மி.மீ. லென்ஸில் அதே ஆளை அதே அளவுக்கு எடுக்க 10 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். கிட்டோடு வரும் அந்த 55-210, ஏபிஎஸ்-சி சென்சாரில் 300 மி.மீ.க்கும் மேல் போகிறது. அதற்கு 15 மீட்டர்.

இரண்டு மீட்டர் என்பது பேசும் தூரம். அங்கே நின்றால் உங்கள் முகம் அவருக்குத் தெரியும். 'எதுக்குப்பா?' என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். 'வேணாம்' என்று சொன்னால் காதில் விழும். பதினைந்து மீட்டரில் இது எதுவும் நடக்காது. படம் உங்களுடையது ஆகிவிடுகிறது, அவருக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. மில்லிமீட்டர் என்று கடையில் பேசுகிறோமே, அது எதிரில் இருப்பவருக்குப் பேச இடம் கொடுக்கிறோமா இல்லையா என்ற பேச்சுதான்.

கார்த்தியே-ப்ரெஸ்ஸோனை இந்தப் பத்தியில் அடிக்கடி இழுக்கிறேன் என்று சிலர் குறைப்பட்டதுண்டு. இன்றைக்கும் இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துவிட்டு வந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர். 1950 ஏப்ரலில் மனைவியோடு திருவண்ணாமலையில் தங்கியிருந்தார். ரமணரைக் கடைசியாக எடுத்த படங்கள் அவருடையவை. கையில் புற்று வந்து உடல் ஓய்ந்துபோயிருந்த ரமணர் ஏப்ரல் 14 இரவு மறைந்தார். ஆசிரமத்துக்குள் பக்தர்களுக்கு நடுவே நின்ற இந்த மனிதரின் கையில் இருந்தது ஒரு சின்ன லைக்கா. வாழ்நாளில் பெரும்பாலும் அவர் பயன்படுத்தியது ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ். கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தவர் அவர். எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு எடுத்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லென்ஸ் அவரை எப்போதும் ஜனங்களுக்குள்ளேதான் நிறுத்தியது. துக்க வீடானாலும் சந்தையானாலும், அவரைப் பார்த்து 'போ' என்று சொல்லும் தூரத்தில்தான் அவர் இருந்தார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊரிலேயே பழனிக்குமார் இருக்கிறார். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையைக் காட்டிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பாரி இணைய இதழுக்காக உழைக்கும் மக்களைப் படமெடுப்பவர். அவருடைய தாயாரே மதுரையில் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அதை அவரே எழுதியிருக்கிறார். அவர் எடுத்த முகங்களைப் பாருங்கள். எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்த கண்கள் அவை. வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவைப் படமெடுக்க டெலி லென்ஸ் எதற்கு?

டெலி லென்ஸே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரையை எடுக்க 28 மி.மீ. உதவாது, கிட்டப் போனால் கூடு கலையும். அங்கே தூரத்தில் நிற்பதுதான் மரியாதை. பள்ளி ஆண்டுவிழாவில் கடைசி வரிசையிலிருந்து பிள்ளையின் நடனத்தை எடுக்கவும், கபடி எடுக்கவும், பூச்சிகளை நெருக்கமாக எடுக்க மேக்ரோ போடவும் லென்ஸ் மாற்றும் கேமராதான் வேண்டும். வீடியோ முக்கியம் என்றாலும் அதுவே சௌகரியம். காம்பாக்ட்டில் வேறு சங்கடங்களும் உண்டு. லென்ஸ் அடிபட்டால் முழு கேமராவையும் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். ரிக்கோ ஜிஆரில் வியூஃபைண்டர் கிடையாது. வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாமல் தடுமாற வேண்டியிருக்கும். எக்ஸ்100-ன் விலையோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது.

அக்கா மகளுக்கு என் பதில் இதுதான். பறவையும் விளையாட்டும் மேடையும் உன் விஷயம் என்றால் மிரர்லெஸ் வாங்கு. கிட் லென்ஸுக்குக் கொடுக்கும் காசை ஒரு நல்ல டெலிக்குச் சேர்த்து வை. மனிதர்களும் தெருவும் வீடும் பயணமும்தான் உன் விஷயம் என்றால், உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை அதுதான், கழற்ற முடியாத ஒற்றை லென்ஸ் உனக்குப் போதும். அதற்கு லட்ச ரூபாய் கொட்ட வேண்டியதில்லை. செகண்ட்ஹேண்டில் ஒரு பழைய ஃபியூஜி மிரர்லெஸ் பாடியும் 27 மி.மீ. எஃப் 2.8 பிரைம் லென்ஸும் வாங்கி, அதையே ஒரு வருஷம் கழற்றாமல் வைத்திருந்தால் அதுவும் ஒரு காம்பாக்ட்தான். ஃபுல் பிரேம் கணக்கில் 40 மி.மீ. வரும், எதிரில் இருப்பவரோடு பேசியபடியே எடுக்கலாம். எடுத்த படத்தை பிரின்ட் போட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதிவருவதும் உனக்குத் தெரியும்.

போட்டோ வாக் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு பிள்ளைகளைக் காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, டெலி லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஷட்டரையும் அபெர்ச்சரையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், "எடுக்கட்டா ஆயா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.