எஞ்சிய நூலில் ஒரு கரடி முகம்

சென்ற உறைபனிக் காலத்தில் அலுவல் நிமித்தமாக ஜெகதளாவுக்குச் செல்ல நேர்ந்தது. அரவங்காட்டிற்கு அருகே, தேயிலைச் சரிவுகளுக்கும் காரட் விளையும் படிநிலங்களுக்கும் நடுவே அமைந்த அவ்வூரை மலைநாட்டு உறுப்பினர்கள் நன்கறிவர். சமவெளியிலுள்ள நெசவாளர் அன்பர்களின் பொருட்டே இதனைக் குறிப்பிடுகிறேன். கடும்பனி பெய்த இரவுக்குப் பின் தேயிலைக் கொழுந்து கருகிவிடும்; கிள்ளுவதற்கு இலை இராது. அத்தகைய ஒரு முற்பகலில், சிறு தேயிலை விவசாயி ஒருவரின் வீட்டு வாயிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த மூதாட்டியார், கொக்கி ஊசியொன்றால் கருநிற நூலை வளைத்து வளைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். நான் என் தாள்களை விரித்து, கையொப்பங்களைப் பெற்று முடிப்பதற்குள், அக்கருவட்டத்தில் வெளிறிய மூக்கும் இரண்டு காதுகளும் தோன்றிவிட்டன.

"இரண்டு நாளைக்கு முன் விடியற்காலையில் எங்கள் தோட்டத்தில் நின்றது, சார். அதைத்தான் போடுகிறேன்" என்றார்.

கரடிமுகம் கொண்ட அச்சதுரம் இன்று என் மேசைமீது இருக்கிறது. விலை கொடுத்தே பெற்றேன். அந்த விலை சரியானதா என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னிய பிறகு மீதமாகும் துண்டு நூல்கள் மலைநாட்டு வீடுகளில் பழைய பிஸ்கட் டப்பாக்களில் சேர்ந்து கிடக்கும். ஓர் உருண்டையில் பத்து கஜம் இருக்கும். மற்றொன்றில் மூன்று கஜமே இருக்கும். ஒரே நிறத்தில் எதையும் அவற்றைக் கொண்டு முடிக்க இயலாது. ஆகவே, சிறு சிறு சதுரங்களாகக் குரோஷா பின்னி, போதுமான அளவு சேர்ந்ததும் ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாக்கும் வழக்கம் மேல்நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருந்து வருகிறது. ஆங்கிலத்தில் இதற்குக் 'கிரானி ஸ்கொயர்' என்று பெயர். நாம் பாட்டிச் சதுரம் என்று வழங்கினால் குற்றமில்லை. விலங்கின் முகம் வேண்டுமாயின் நடுவிலிருந்து வட்டமாகத் தொடங்கவேண்டும். ஆறு சங்கிலிகளை வளையமாக்கி, அவ்வளையத்தினுள் 12 நெடுங்கண்ணிகள், அடுத்த சுற்றில் 24, அதற்கடுத்ததில் 36. அதன்பின் நிறத்தை மாற்றி, மூலை வரவேண்டிய இடங்களில் உயரமான கண்ணிகளையும் பக்கங்களின் நடுவில் குட்டையான கண்ணிகளையும் இட்டால் வட்டம் சதுரமாகிவிடும். 36-ஐ நான்கால் வகுத்தால் பக்கத்திற்கு ஒன்பது. மூக்கையும் காதுகளையும் தனியே பின்னித் தைத்துவிடலாம். கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதைக் கண்டு நானும் முயன்று பார்த்தேன். வணிகவியலில் பட்டம் பெற்றவன். எண்ணிக்கையில் தவறமாட்டேன் என்ற நம்பிக்கை இருந்தது. என் சதுரத்திற்கு ஐந்து மூலைகள் அமைந்தன.

எந்த விலங்கைப் பின்னுவது என்பதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கடைகளில் காணும் சதுரங்களில் பாண்டாவும் பென்குவினும் மிகுந்திருக்கின்றன. படத்தைப் பார்த்துப் பின்னியவை அவை, அழகில் குறைவில்லை. ஆனால் உதகைக்கு வரும் பிரயாணி பென்குவினை வாங்குவதற்காக மலையேறி வரவேண்டியதில்லை. ஜெகதளாப் பாட்டியாரின் கரடியிலோ, மூக்கு வழக்கமான பொம்மைக் கரடியினுடையதைப் போலன்றி நீண்டும் வெளிறியும் இருந்தது. பார்த்தவர் பின்னியது அது. விடியலில் இலை பறிக்கச் செல்லுமுன் பாதையை நோக்கி அஞ்சி நிற்பவர்களுக்கு அம்மூக்கு நன்றாகத் தெரியும். இரு கொம்புகளுக்கு நடுவே வெளிறிய நெற்றியுடைய காட்டெருமையும், கரிய உடலின்மீது பழுப்புத் தலை கொண்ட கருமந்தியும் சதுரத்திற்கு ஏற்றவையே. வரையாட்டின் வளைந்த கொம்பு சற்றுக் கடினம். அது நம் மாநில விலங்காதலால் அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி விலைக்கு வருவோம். அவ்வீட்டில் ஆறங்குலச் சதுரங்கள் 48 சேர்ந்த குழந்தைப் போர்வை ஒன்றைக் கண்டேன். சதுரத்திற்கு ஒன்றரை மணி நேரமாக 72 மணி. இணைப்பதற்கும் ஓரம் பின்னுவதற்கும் 8 மணி. ஆக 80 மணி நேர உழைப்பு. கடைக்காரர் ஒருவர் அதனை 1,200 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். மணிக்கு 15 ரூபாய் ஆகிறது. இதைச் சொன்னபோது வீட்டிலுள்ளோர் எவரும் வியக்கவில்லை. "நூல் சும்மா கிடந்ததுதானே?" என்றனர்.

இந்த ஒரு சொற்றொடரில்தான் இத்தொழிலின் நோயெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். நூல் சும்மா கிடந்தது உண்மை. ஸ்வெட்டரின் கணக்கிலேயே அதன் கிரயம் தீர்ந்துவிட்டது; அதை மீண்டும் விலையில் ஏற்றவேண்டியதில்லை. ஆனால் 80 மணி நேரம் எந்தக் கணக்கிலும் தீரவில்லை. மணிக்கு 50 ரூபாய் வைத்தாலும் 4,000 ரூபாய் வரவேண்டும். கழிவுநூல் என்று நம் பேரேட்டில் ஒரு பத்தியை எழுதி, அதற்கெதிரே சுழியம் இடுகிறோம். அந்தச் சுழியம் மெல்ல நகர்ந்து கூலிப் பத்தியிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இதில் வேறொரு விசேஷமும் உண்டு. ஊசிகளை வரிசையாக நிறுத்திக் கண்ணிகளை ஏந்தும் பின்னலுக்கு 1589-லேயே வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் இயந்திரம் அமைத்துவிட்டார். குரோஷாவுக்கு அது நடைபெறவில்லை. இங்கே ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே முடிவடைகிறது. கொக்கி அடுத்து எங்கே நுழையவேண்டும் என்பதைக் கை ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. மெய்யான குரோஷாவை வாணிப அளவில் செய்யும் இயந்திரம் இன்றுவரை புழக்கத்திற்கு வரவில்லை. அதனைப் போலத் தோன்றும் ஆலைத்துணிகள் வேறு வகைப் பின்னல். ஆகவே, கடைவீதியில் மெய்யான குரோஷாப் பொருள் ஒன்று மலிவாகக் கிடைக்குமானால், அந்த மலிவு இயந்திரத்தின் திறமையால் வந்ததன்று. யாரோ ஒருவருடைய கூலியிலிருந்து கழித்ததாகும். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள போட்டியை நன்கறிந்த நெசவாளர்களுக்கு இது விளங்கும். தறிக்காரருக்கு விசைத்தறி போட்டி. குரோஷாக்காரருக்கோ மற்றொரு வீட்டிலுள்ள குரோஷாக்காரரே போட்டி.

இதன் முடிவு எப்படியிருக்கும் என்பதை ஆந்திரத்து நரசாப்பூர் காட்டியிருக்கிறது. கோதாவரிப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பாதிரிமார்கள் குரோஷா லேஸ் பின்னலைக் கற்பித்தனர். பின்னர் அது பெரிய ஏற்றுமதித் தொழிலாகியது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலறிஞர் அங்கு ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கண்டது யாதெனில், நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்கள் தொழிலாளர் என்றே எண்ணப்படவில்லை. இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறவர்கள் என்றே வியாபாரிகளும், குடும்பத்து ஆடவரும், அப்பெண்களுமே கூடக் கூறினர். வீட்டுக்கு வீடு நூல் கொடுப்பவர் ஒருவர், பின்னியதைத் திரட்டுபவர் ஒருவர், ஏற்றுமதி செய்பவர் ஒருவர் என்று கைகள் நீண்டன. பின்னிய கைக்கு மிகச் சொற்பமே வந்தது. நரசாப்பூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சியே. பொருளின் பெயரைக் குறியீடு காக்கும். செய்தவரின் கூலியைக் காக்க அதனால் இயலாது. நம் மலையிலேயே தோடர் பூவேலைப்பாடு 2013-இல் அக்குறியீட்டைப் பெற்றிருப்பதால், இதனை இங்கும் நினைவிற்கொள்வது நலம்.

இக்கருத்தை நான் கூறியபோது நண்பர் ஒருவர் மறுத்தார். "பொழுதுபோக்கிற்கும் பேரேடு திறக்கவேண்டுமா? பேத்திக்குப் பின்னும் போர்வைக்குக் கூலி கணக்கிடுவார் உண்டோ?" என்பது அவர் வாதம். பேத்திக்குப் பின்னுவதற்குக் கணக்கு வேண்டாம் என்பதை நானும் ஒப்புகிறேன். 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர், பலர் தத்தம் வீடுகளில் பின்னிய சதுரங்களை ஒன்றாகச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வை அமைத்து கின்னஸ் சாதனை நிகழ்த்தினர். எவரும் அதில் மணிக்கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொருத்தமும் இராது. கொடை என்பது வேறு. கடைக்காரரின் மேசைமீது பொருளை வைத்து அவர் விலை கூறும் நிமிடத்திலேயே அது தொழிலாகிவிடுகிறது. அந்த நிமிடத்தில் பின்னியவர் தனியாக நிற்கிறார் என்பதே என் குறை.

மற்றொரு மறுப்பு இதைவிட வலியது. 4,000 ரூபாய் கொடுத்துக் குழந்தைப் போர்வை வாங்குவார் யார்? வெகு சிலரே. ஆதலால் போர்வையை விற்பனைப் பண்டமாகக் கொள்வதே பிழை என்று கருதுகிறேன். ஒரே ஒரு சதுரத்தை விற்கவேண்டும். ஒன்றரை மணி நேரக் கூலி 75 ரூபாய். பின்புறத் துணியும் சங்கச் செலவும் சேர்த்து அடக்கம் 100 ரூபாய்க்குள் நிற்கும். கைப்பையின் முகப்பாகவோ, தேநீர்ப் பாத்திரத்தை வைக்கும் விரிப்பாகவோ அதனை வாங்குவதற்கு யாரும் தயங்கமாட்டார்கள். நீலகிரியில் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் உள்ளன. அவற்றின் இணையமான இன்கோசர்வ் 1965 முதல் இயங்கி வருகிறது. தேயிலைப் பொட்டலம் ஒன்றோடு கரடிச் சதுரம் ஒன்றையும் சேர்த்துக் கட்டி விற்றால், இலையும் பின்னலும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று சீட்டில் அச்சிடலாம். அது பொய்யாகவும் இராது.

ஆயினும் சூடான பாத்திரம் என்றதும் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். இந்நாளில் கம்பளி என்று விற்பனையாவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது சூட்டில் இளகிவிடும். ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் உண்மை தெரியும்: மெய்யான கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணிபோல உறைந்துவிடும். ஆகவே பாத்திர விரிப்புக்குப் பருத்தி நூலே வேண்டும். அந்த நூல் மலையில் இல்லை.

அது எங்கே கிடக்கிறது என்பதை நான் அறிவேன். இம்மலைக்கு மாற்றப்படுமுன் ஈரோட்டுப் பகுதியில் நெசவாளர் சங்கங்களைப் பார்வையிட்டு வந்தேன். பாவு முடிந்ததும் தறியில் நிற்கும் நுனிகளும், நிறம் மாறியதால் ஒதுக்கிய சிட்டங்களும் மூலைகளில் மூட்டையாகக் கிடக்கும். நெசவு நூல் தனி இழையாகக் குரோஷாவுக்கு உதவாது, மிக மெல்லியது. சேர்த்து முறுக்கவேண்டும். 20-ஆம் எண் நூலாயின் பத்து இழை, 40-ஆம் எண்ணாயின் இருபது இழை என்னும் அளவு ஏற்றது. தார் சுற்றும் இராட்டினமே இதற்குப் போதும். குட்டை நுனிகள் பயன்படா. சிட்டமும் நீளமான மீதமுமே வேண்டும். கருநிற நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்காமல் அனுப்பலாகாது. முதல் சலவையிலேயே கரடியின் மூக்குக் கறுத்துவிடும். கம்பளியையும் பருத்தியையும் ஒரே சதுரத்தில் கலத்தலும் கூடாது. வெந்நீரில் கம்பளி சுருங்கும், பருத்தி அதனுடன் சேர்ந்து சுருங்காது, சதுரம் கோணிவிடும்.

அளவைப் பற்றி ஒரு சொல். கைக்குக் கை இறுக்கம் வேறுபடும். ஒரே ஊசியால், ஒரே நூலால், ஒரே கணக்கில் இருவர் பின்னினாலும் ஒருவருடையது ஆறங்குலமும் மற்றவருடையது ஆறரை அங்குலமும் வரும். கெட்டியான அட்டையில் ஆறங்குலச் சதுரம் வெட்டி ஒவ்வொரு வீட்டிற்கும் கொடுத்து, மிகுந்தால் சிறிய ஊசி, குறைந்தால் பெரிய ஊசி என்று மாற்றிக்கொள்ளச் செய்தால் போதும். சதுரத்தை நனைத்து, பலகைமீது ஊசி குத்தி உலர்த்தினால் சிறு பிழைகள் தாமே நேராகும். கூலியை நிறுவுவதற்கு முன்னரும் இத்தகைய சோதனை வேண்டும்: ஐந்தாறு பேரைப் பின்னச் செய்து, கடிகாரம் வைத்து, நடுத்தரமான கைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துச் சதுரத்திற்கு இவ்வளவு என முடிவு செய்யலாம். அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில் உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி வழங்கும் முறை நெடுநாளாக இருந்து வருவதே.

இவற்றையெல்லாம் அப்பாட்டியாரிடம் விளக்கியபோது அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பணத்தை யார் பேரில் எழுதுவீர்கள், சார்?"

என் அலுவலில் இவ்வினாவை நான் எழுப்பியிருக்கவேண்டும், அவர் எழுப்பினார். தேயிலைச் சங்கத்தில் உறுப்பினராவது பெரும்பாலும் நிலம் எவர் பெயரில் உள்ளதோ அவரே. இலையைக் கிள்ளும் பெண்ணின் பெயர் பல வீடுகளில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இலைக்குரிய பணம் ஆடவர் கணக்கில் சேர்கிறது. அதையே பின்பற்றிச் சதுரத்தின் பணத்தையும் அங்கே செலுத்தினால் நாம் செய்ததெல்லாம் வீண். பின்னுபவருக்கே பங்கு, பின்னுபவருக்கே பற்றுவரவுப் புத்தகம், ஒவ்வொரு சதுரத்தின் பின்புறத்திலும் அவருடைய உறுப்பினர் எண் தைத்த சிறு துணி. இதற்கு உடன்படாத சங்கம் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே மேல். "உங்கள் பேரில்தான், பாட்டி" என்றேன். அவர் நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. கரடிக்கு இரண்டாவது காதைத் தைத்துக்கொண்டிருந்தார்.

பனிக்காலம் மீண்டும் வருவதற்குள் ஐந்தாறு வீடுகளில் சோதனை பார்க்க எண்ணியிருக்கிறேன். எஞ்சிய பருத்தி நூலை மாதிரிக்கு அனுப்ப விரும்பும் நெசவாளர் சங்கங்கள், நூலின் எண்ணையும் சாயத்தின் வகையையும் சீட்டில் எழுதிச் சிட்டத்தோடு கட்டி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். கருப்பு மிகுதியாக வேண்டும்.