'ஆராய்ச்சி சொல்லுது'ன்னா, எந்த ஆராய்ச்சி சாமி?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட உட்காருங்க.

எங்க பிள்ளையார்பாளையத்துக்குப் புடவை எடுக்க வர்றவங்களை நல்லா கவனிச்சிருக்கேன். சரிகையை நகத்தால சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு பார்ப்பாங்க. ஒரு இழையைப் பிரிச்சு தீக்குச்சி வெச்சு, முடி கருகுற வாசனை வருதான்னு மோந்து பார்ப்பாங்க. அவ்வளவு உஷார். அதே ஆளுங்கதான் திருநள்ளாறுக்கு மேல செயற்கைக்கோள் மூணு செகண்ட் நின்னுடுதுன்னு நாசா கண்டுபிடிச்சதா வந்த கதையைச் சுரண்டிக்கூட பார்க்காம பத்து பேருக்கு அனுப்புறாங்க.

அதை விடுங்க, அது சுலபமான கேஸ். கட்டுரையே கிடையாது, அதனால தேடினா மாட்டிக்கும். எனக்கு உறுத்தல் நம்மை மாதிரி பதிவு எழுதுறவங்க செய்யுற இன்னொரு வேலை. ஆய்விதழ் நிஜம், கட்டுரையும் நிஜம், சுட்டிகூட கொடுத்திருப்போம். ஆனா அது ஆராய்ச்சியே இல்லை. தலையங்கமா இருக்கும், ஆசிரியருக்கு எழுதின கடிதமா இருக்கும், இல்லேன்னா ஒருத்தர் தன் யோசனையைச் சொன்னதா இருக்கும். 'மெடிக்கல் ஹைப்பாதிஸஸ்'னு ஒரு இதழ், 1975-ல ஆரம்பிச்சது. புதுப்புது யோசனைகளைப் போடுறதுக்குன்னே நடத்தினாங்க. 2010 வரைக்கும் சக நிபுணர்கள் சரிபார்க்கிற வழக்கமே அங்கே இல்லை. அதுல வந்த ஒரு யோசனையை "விஞ்ஞானிகள் நிரூபித்தனர்"னு போட்டா என்ன சொல்றது?

இங்கிலீஷ்ல 'எம்பிரிக்கல்'ங்கிறாங்க. தமிழ்ல 'அனுபவ ஆய்வு'ன்னு சிலர் எழுதுறாங்க, படிச்சா ஏதோ ஆன்மீகப் பதிவு மாதிரி இருக்கு :-) நான் 'நேரில் பார்த்த ஆய்வு'ன்னே சொல்லிக்கிறேன். யாரைப் பார்த்தாங்க, எத்தனை பேரை, எப்படித் தேர்ந்தெடுத்தாங்க, எதை அளந்தாங்க, என்ன கிடைச்சது. இது அத்தனையும் கட்டுரைக்குள்ளேயே இருக்கணும்.

உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம ஊர் ரயில்ல பீச்சுக்குப் போறவங்களுக்கு தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் தெரியும். அங்கே 1928-ல தொடங்கின காசநோய் சானடோரியத்தாலதான் அந்தப் பேர். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, மாசக்கணக்கில படுக்கை, இது இருந்தாத்தான் டிபி குணமாகும்னு அந்தக் காலத்து டாக்டருங்க நம்பினாங்க. பெரிய பெரிய ஆளுங்க சொன்ன கருத்து. ஆனா ஒரு நெசவாளி வருஷம் பூரா தறியை நிறுத்திட்டுப் போய்ப் படுத்தா, முதலாளிகிட்ட வாங்கின முன்பணத்துக்கு யார் பதில் சொல்றது? வீட்ல அடுப்பு எரியுமா?

சென்னை சேத்துப்பட்டுல 1956-ல காசநோய் மருந்து சிகிச்சை மையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க (இப்போ அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்). அவங்க கருத்து சொல்லிக்கிட்டு இருக்காம எண்ணிப் பார்த்துட்டாங்க. சென்னையோட ஏழைக் குடும்பங்கள்ல இருந்து 193 நோயாளிகள். குலுக்கல் மாதிரிப் பிரிச்சு, பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினாங்க, பாதிப் பேர் வீட்டிலேயே. ரெண்டு பக்கமும் அதே ரெண்டு மருந்து, ஒரு வருஷம். சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்துலதான் மேல். ஆனாலும் வீட்டுல இருந்தவங்களோட முடிவு கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துடுச்சு. கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால நோய் அதிகமா தொத்தலைன்னும் பின்னாடி தொடர்ந்து கவனிச்சு எழுதினாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புல்லட்டின்ல 1959-ல வந்த கட்டுரை 51-ம் பக்கத்துல ஆரம்பிச்சு 144-ல முடியுது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. உலகம் முழுக்க சானடோரியம் காலம் முடிஞ்சதுல இந்தக் கட்டுரைக்கு முக்கியப் பங்கு உண்டு.

இன்னொண்ணு இன்னும் பக்கம். காஞ்சிபுரமும் திருவள்ளூரும் 1997 வரைக்கும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துல, திருவள்ளூர் பக்கம், 1968-ல பிசிஜி தடுப்பூசி சோதனை தொடங்கினாங்க. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்க. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எதுன்னு போடுறவங்களுக்கும் தெரியாது, போட்டுக்கிறவங்களுக்கும் தெரியாது. இங்கிலாந்துல பள்ளி முடிக்கிற வயசுப் பிள்ளைகளுக்கு முக்கால் பங்குக்கு மேல பாதுகாப்பு கொடுத்த அதே பிசிஜி, இங்கே பெரியவங்களோட நுரையீரல் காசநோயைத் தடுக்கலைன்னு 1979-ல முதல் அறிக்கை வந்தது. 15 வருஷக் கணக்கு 1999-ல 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்'ல வந்தது. அதுலயும் பெரியவங்களுக்குப் பலன் இல்லை, குழந்தைகளுக்குக் குறைவா 27 சதவீதம்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். போன வருஷம் ஒரு குடும்ப வாட்ஸப் குழுவுல ஒருத்தர், "பிசிஜி வேஸ்ட், நம்ம செங்கல்பட்டுலயே நிரூபிச்சாச்சு"ன்னு போட்டார். பேரன் பிறந்து பத்து நாள் ஆன வீடு அது. அவர் பொய் சொல்லலை. கட்டுரை இருக்கு, நேரில் பார்த்த ஆய்வுதான், சுட்டியும் சரி. ஆனா அவங்க எதை அளந்தாங்கன்னு அவர் பார்க்கலை. அளந்தது நுரையீரல் காசநோய். கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சலா வர்ற டிபி வேற கேள்வி, அதுக்கு வேற ஆய்வுகள் இருக்கு, அதுல பிசிஜி காப்பாத்துது. இன்னிக்கும் இங்கே பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போடுறது அதுக்காகத்தான். நல்லவேளை, மருமகப் பொண்ணு யார் பேச்சையும் கேட்காம ஊசி போட்டுட்டு வந்துட்டா.

அதனால கட்டுரை கைக்கு வந்ததும் அப்ஸ்ட்ராக்டைப் படிச்சுட்டு ஓடாதீங்க. நேரா மெத்தட்ஸ் பகுதிக்குப் போங்க. அந்தப் பகுதியே இல்லேன்னா, சொந்தமா ஒரு அட்டவணைகூட இல்லேன்னா, பெரும்பாலும் அது ரிவ்யூ, இல்லேன்னா கருத்து. ரிவ்யூ மட்டம்னு சொல்லலை. நல்ல ரிவ்யூ பத்து கட்டுரை படிக்கிற நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனா அதுல எண்ணினது வேற யாரோ, அந்த மூலத்தைத் தேடிப் போகணும். பப்மெட்ல இடது பக்கம் கட்டுரை வகையை வடிகட்ட வசதி இருக்கு, கிளினிக்கல் ட்ரையல், ரிவ்யூன்னு தனித்தனியா டிக் பண்ணலாம். காசு கேட்கிற கட்டுரைன்னா கூகுள் ஸ்காலர்ல 'ஆல் வெர்ஷன்ஸ்'ஸை அமுக்குங்க, பல தடவை இலவசப் பிரதி சிக்கும். நம்ம பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா.

ஒரு எச்சரிக்கை. நேரில் பார்த்த ஆய்வுன்னா நம்பர் இருந்தே தீரணும்னு இல்லை. நம்ம காஞ்சிபுரம் புடவை பத்தி ஆர்த்தி காவ்ல்ரா 'டிசைன் இஷ்யூஸ்' இதழ்ல 2005-ல எழுதின கட்டுரையைத் தேடிப் படிங்க. மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ்னு கட்டம் கட்டின மருத்துவக் கட்டுரை மாதிரி அதை எடை போடக் கூடாது. அவங்க இந்த ஊர் நெசவாளர்கள்கிட்ட களப்பணி செஞ்சவங்க. இந்த மாதிரிக் கட்டுரையில தேட வேண்டியது எழுதினவர் ஊருக்கு வந்தாரா, யார்கிட்ட பேசினார், எவ்வளவு காலம் இருந்தார்ங்கிறதை. சில பேர் லைப்ரரியில உட்கார்ந்தே எங்க தறியைப் பத்தி எழுதிடுறாங்க, அது நாலாவது வரியிலேயே எங்களுக்குத் தெரிஞ்சுடும் :-)

1959 கட்டுரையும் 1979 கட்டுரையும் பப்மெட் சென்ட்ரல்ல முழுசா இலவசமா இருக்கு. தேடிக் கிடைக்கலேன்னா பின்னூட்டத்துல கேளுங்க, சுட்டி தர்றேன்.