பலகையில் 'ஹலால்': சோதித்தது யார்?

மாணவர்களே, பிரியாணிக் கடைப் பலகைகளில் 'ஹலால்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். சில பிஸ்கட் பாக்கெட்டுகளிலும் அது சிறிய முத்திரையாக இருக்கும். இந்தச் சின்னச் சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. ஏன்?

'ஹலால்' என்பது அரபுச் சொல். 'அனுமதிக்கப்பட்டது' என்று பொருள். பன்றி இறைச்சி, ரத்தம், தானாகச் செத்த பிராணி, மது ஆகியவை இஸ்லாமியர்களுக்கு விலக்கப்பட்டவை. ஆடு, கோழி என்றாலும், உயிருடன் இருக்கும்போதே இறைவன் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும்.

உணவுக்கு விதி வைப்பது நமக்குப் புதிதல்ல. 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகை எதற்கு? யூதர்களுக்குக் 'கோஷர்' விதி உண்டு. சமணர்கள் வெங்காயம், பூண்டைத் தவிர்க்கிறார்கள். சீக்கியர்களின் நெறிமுறை ஹலால் இறைச்சியை விலக்குகிறது. ஆகவே, அந்தப் பலகை வேண்டும் என்பவருக்கு மட்டுமல்ல, வேண்டாம் என்பவருக்கும் உதவுகிறது!

சரி, பலகையை எப்படி நம்புவது? கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். மலையில் உள்ள வெள்ளிமலைக்குப் போய்த் தேன் வாங்கினால், "ஐயா, இது மலைத்தேன்தானா?" என்று தேன் எடுத்தவரிடமே கேட்கலாம். அதே தேன் பாட்டிலில் அடைக்கப்பட்டுச் சென்னைக்குப் போனால்? பாட்டில் பேசாதே! அதற்காகத்தான் 'அக்மார்க்' போன்ற முத்திரைகள் வந்தன. தூரம் கூடக் கூட, நமக்காகச் சோதித்துச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார்.

ஹலால் சான்றிதழும் அப்படித்தான். ஊர்க் கறிக்கடைக்காரரை எல்லாருக்கும் தெரியும். அவர் வாய்ச்சொல் போதும். ஆனால், தொழிற்சாலையில் செய்த மிட்டாயில் ஜெலட்டின் என்ற பொருள் இருக்கலாம். அது மாட்டெலும்பிலிருந்தும் வரலாம். பன்றித் தோலிலிருந்தும் வரலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது. எனவே ஓர் அமைப்பு சோதித்துச் சான்று தருகிறது.

அந்த அமைப்பு எது? நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் 'முயிஸ்' என்ற அரசுச் சட்டப்படி அமைந்த அமைப்பு தருகிறது. இந்தோனேசியாவில் நடுத்தர, பெரிய உணவு நிறுவனங்களுக்கு 2024 அக்டோபர் முதல் இது கட்டாயம். இந்தியாவில் உள்நாட்டு விற்பனைக்குக் கட்டாயம் இல்லை. தனியார் அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகின்றன. இறைச்சி ஏற்றுமதிக்கு மட்டும், சான்று தரும் அமைப்புகளை அங்கீகரிக்கும் விதிமுறைகளை மத்திய அரசு 2023-ல் வெளியிட்டது.

இங்கேதான் சச்சரவு. 2023 நவம்பர் 18-ம் தேதி, உத்தரப் பிரதேச அரசு தன் மாநிலத்தில் ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களைத் தயாரிக்கவும், சேமிக்கவும், விற்கவும் தடை விதித்தது. ஏற்றுமதிப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. "உணவின் தரத்தைச் சொல்ல அரசு ஆணையம் இருக்கிறது. இன்னொரு முத்திரை குழப்பத்தையே உண்டாக்கும்" என்பது அரசின் வாதம். "எதைச் சாப்பிடுகிறோம் என்று அறிவது எங்கள் உரிமை. விரும்புவோர்தான் சான்று பெறுகிறார்கள்" என்பது எதிர்த்தரப்பின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

இலங்கையிலும் இப்படி நடந்தது. அங்கே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா என்ற அமைப்பு சான்று தந்து வந்தது. 2013-ல் 'பொது பல சேனா' என்ற அமைப்பு கடுமையாக எதிர்த்தது. அந்த ஆண்டின் முடிவோடு ஜம்இய்யத்துல் உலமா விலகிக்கொள்ள, 2014-ல் தனியாக ஒரு ஹலால் கவுன்சில் பொறுப்பேற்றது. ஆள்தான் மாறினார், சான்று நிற்கவில்லை. காரணம் எளிது. கேட்பவர்கள் இருக்கும்வரை, சொல்பவரும் தேவை.

ஆகவே, எந்த முத்திரையைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கொடுத்தது யார்? எதைச் சோதித்தார்கள்? கட்டாயமா, விருப்பமா?

ஹலால் முத்திரை சமய விதியைச் சொல்வது. உணவு பாதுகாப்பானதா என்று கவனிப்பது, 2006-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வேலை. அது தரும் 14 இலக்க உரிம எண் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை வட்டம் என்றால் சைவம். பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். முன்பு இதுவும் வட்டமாகத்தான் இருந்தது.

அடுத்த பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய் கொடுக்கப் போகிறீர்களா? வாங்கும்போதே பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். "இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பன் கேட்டால் சிரிக்காதீர்கள். சரியான பதிலைச் சொல்லுங்கள். சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்துகொள்வான்.