நால்வர் பங்கும் நான்காமவர் மனமும்

விளையாட்டு உடலுக்கு நலம் தரும். ஆனால் விளையாடும் இடத்திற்கு வாடகை உண்டு. அவ்வாடகையை எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதும் குடும்பக் கணக்கில் சேர்ந்ததே. ஸ்பெயின் நாட்டினர் பெரிதும் விரும்பி ஆடும் பேடல் என்னும் பந்தாட்டத்தைக் கொண்டு இதனை இம்மாதம் சிந்திப்போம்.

1969-ஆம் ஆண்டில் மெக்சிகோவின் அக்கபுல்கோ நகரில், என்ரிக்கே கோர்குவேரா என்பவர் தம் இல்லத்தில் அமைத்த களத்தில் இவ்வாட்டம் பிறந்தது. 1974-இல் இளவரசர் அல்ஃபோன்சோ டி ஹோகன்லோகே அதனை ஸ்பெயினின் மார்பெல்லாவிற்குக் கொணர்ந்தார். செல்வர் மனையில் பிறந்த அவ்வாட்டம் இன்று அந்நாட்டின் நகராட்சி விளையாட்டரங்குகளிலும் ஆடப்படுகிறது. களத்தின் நீளம் 20 மீட்டர். அகலம் 10 மீட்டர். கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் அதனைச் சூழ்ந்து நிற்கும். நரம்பு கட்டாத மட்டையை ஏந்தி, புறத்திற்கு இருவராக நால்வர் ஆடுவர்.

இங்கு வாடகை ஆளுக்கன்று, களத்திற்கே என்பதை முதலில் அறிதல் வேண்டும். கண்ணாடி, செயற்கைப் புல், விளக்கு ஆகிய அனைத்தையும் பேணும் செலவு, ஆடுவோர் எத்தனை பேராயினும் குறைவதில்லை. மாலையில் பணி முடிந்து பலரும் வரும் வேளையில் வாடகை உயரும், நண்பகலில் தாழும். இருட்டிய பின் விளக்கிற்கெனத் தனிக் கட்டணம் பெறும் நகராட்சிகளும் உண்டு.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு களத்திற்கு 60 நிமிடத்திற்கு 20 யூரோ, 90 நிமிடத்திற்கு 24 யூரோ எனக் கொள்வோம். முன்னதே மலிவு என்று தோன்றும். ஆனால் பின்னது மணிக்கு 16 யூரோவே ஆகிறது. அதனை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 6 யூரோ. ஒருவர் வாராதொழிந்தால் மற்ற மூவரும் ஆளுக்கு 8 யூரோ தரவேண்டும், ஆட்டமும் குறைப்படும். இன்று கைப்பேசிச் செயலி வழியே முன்பதிவு செய்வோர் பலர். அவ்வாறு பதிவு செய்தவரே, பிறர் பங்கு வந்து சேராவிடில் முழுச்சுமையையும் தாங்க நேரிடலாம். எனவே வருவதாகச் சொன்ன சொல், பிறர் பணப்பையைத் தொடும் வாக்குறுதி அன்றோ!

இனி, நாம் எளிதில் காணாத ஒன்றுண்டு. மாதம் நான்கு முறை ஆடினால் 6 யூரோ 24 யூரோவாகும். பந்தும், வாடகை மட்டையும், ஆட்டம் முடிந்தபின் அருந்தும் பானமும் அதன்மேல் சேரும். மூவருக்கு இது சிறு தொகையாயிருக்கலாம்; நான்காமவருக்கு அது பிள்ளையின் காலணிக்கென எடுத்து வைத்த பணமாயிருக்கக்கூடும். அவர் அதனை வாய்விட்டுச் சொல்லமாட்டார். "முழங்கால் வலிக்கிறது" என்பார். "வேலை மிகுதி" என்பார். பின்னர் மெல்ல விலகிப் போவார். ஒரு நட்பு இவ்வாறு ஓசையின்றி அறுந்துபோவதுண்டு. அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத இழப்பாகும்.

இதனைத் தவிர்க்க வழியில்லாமல் இல்லை. வாடகை தாழ்ந்த வேளையைத் தேர்ந்துகொள்ளலாம். தனியார் களத்தையும் நகராட்சிக் களத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளக்கும் மட்டையும் வாடகையில் அடங்குமா, எத்தனை மணி நேரத்திற்கு முன் விலகினால் பணம் திரும்பும் என்பனவற்றைப் பதிவு செய்யுமுன்னரே கேட்டறியலாம். இவை யாவினும் மேலாக, எந்தக் களம், எந்த வேளை என்று முடிவு செய்யும்போது, நால்வருள் பொருள் வளம் மிக்கவரை அளவுகோலாகக் கொள்ளாமல், குறைந்தவரை அளவுகோலாகக் கொள்வோமாக.

களத்தை ஒரு மணி நேரத்திற்கு வாடகைக்குப் பெறலாம். உடன் ஆடும் தோழரை அவ்வாறு பெற இயலாது. ஆதலின் நால்வரும் மகிழ்ந்து தரக்கூடிய பங்கே நியாயமான பங்கு என்று அறிவோம்.